ஆக்கியோன் யார்? – மலையக நாட்டார் பாடலும் இயந்திர ஆக்கமும்

கொழுந்து பறிப்போரின் துயரை மலையக நாட்டார் பாடலின் சாயலில் எழுதித் தருமாறு செயற்கை நுண்ணறிவு இயந்திரத்தைக் கேட்பின், அது நொடிப்பொழுதில் தந்துவிடுகின்றது. அதன் பதிப்புரிமை கேட்டவருக்கா, இயந்திரத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கா என்பதே இன்று பெரிதும் விவாதிக்கப்படுகின்றது. இவ்விவாதத்தில் மூன்றாமவர் ஒருவர் விடுபடுதல் நோக்கற்பாலது.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைப்பை ஆக்கிய மனித ஆளையே ஆக்கியோன் என்கின்றது. பிரித்தானியாவின் 1988ஆம் ஆண்டுச் சட்டமோ, மனித ஆக்கியோன் அற்ற கணினி ஆக்கத்திற்கு, அதற்கான ஏற்பாடுகளைச் செய்தவரையே ஆக்கியோனாகக் கொள்கின்றது. தோட்ட வரலாறு அறிந்தோருக்கு இது புதிதன்று. காடழித்துத் தேயிலை நட்ட கைகள் கூலிக் கணக்கில் அடங்கின. உருவாக்கிய புகழ் ஏற்பாடு செய்த துரைமாரைச் சேர்ந்தது.

மடக்கும்புரத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) மலையக மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கினார். அவர் திரட்டியிராவிடின் அவற்றுட் பல லயங்களிலேயே மறைந்திருக்கும். பாடுவோர் தத்தம் சூழலுக்கேற்ப மாற்றிக்கொள்வதே இப்பாடல்களின் இயல்பாதலின், தனியொரு ஆக்கியோனை இவற்றுக்குக் காட்டுதல் அரிது. ஆயினும் ஆக்கியோன் பெயர் அறியப்படாமை வேறு, ஆக்கியோரே இல்லாமை வேறு. ஒப்பாரி வைப்பவளுக்கு முன்னால் இறந்தவர் ஒருவர் கிடக்கின்றார்; இயந்திரத்தின் ஒப்பாரிக்கு அத்தகையவர் எவருமிலர். அதன் சொற்கள் மட்டும் முன்னர் அழுதோரிடமிருந்து வந்தவை.

அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் வழக்காறுகளுக்கும் பாதுகாப்பளிக்கின்றது. வணிக நோக்கிலோ மரபுச் சூழலுக்குப் புறம்பாகவோ அவற்றைப் பயன்படுத்த அனுமதி வேண்டும். ஆனால் அனுமதிப்பது அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடமேயன்றிப் பாடிய சமூகமன்று. இவ்விடத்து ஓர் இலக்க ஒற்றுமை கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களுள் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம். அதற்கு அடுத்த இலக்கமுடையதே புலமைச் சொத்துச் சட்டம். முன்னதில் ஆளாக ஏற்கப்பட்டோர் பின்னதில் தம் பாட்டுக்கு உரியோராக ஏற்கப்பட்டிலர்.

ஆதலின் இயந்திர ஆக்கத்தின் உரிமையாளரைத் தேடுமுன், அவ்வியந்திரம் எவருடைய உழைப்பில் பயின்றது என்பதைக் கேட்டல் வேண்டும். நாட்டார் பாடல்களின் ஒலிப்பதிவுகளை மின்னணுவாக்குவோர், பாடியவரின் இசைவுடன் அவர் பெயரையும், பாடிய தோட்டத்தையும், பாடிய சந்தர்ப்பத்தையும் பதிதல் வேண்டும். அப்பதிவுகளை இயந்திரப் பயிற்சிக்குக் கொடுப்பதாயின் தனியான அனுமதியைப் பாடியோரிடமே பெறுதல் வேண்டும்.