அமிகாவின் அடியில் ஓர் அரை மெகாபைட்

அமிகா 500ஐக் கவிழ்த்தால் அடியில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றி ஏ501 கார்டைச் செருகினால், 512 கிலோபைட்டாக இருந்த ராம் ஒரு மெகாபைட் ஆகிவிடும். கமடோர் 1987இல் விற்கத் தொடங்கிய இந்தக் கம்ப்யூட்டரை இன்றும் ஓட்டுபவர்களுக்கு இது பெரிய விஷயம். ‘டஞ்சன் மாஸ்டர்’ விளையாட்டு ஒரு மெகாபைட் இல்லாமல் ஓடவே ஓடாது.

நல்ல நிலையில் உள்ள கார்டைப் பற்றி எழுத அதிகமில்லை. கரண்டைத் துண்டித்து, செருகி, ஆன் செய்தால் போதும். ஒர்க்பெஞ்ச் 1.3இல் ‘அவெய்ல்’ என்று அடித்துப் பார்த்தால் புது ராமை ‘ஃபாஸ்ட்’ கணக்கில் காட்டும். அந்தப் பெயரை நம்ப வேண்டாம். கிராஃபிக்ஸ், ஒலி சிப்கள் பயன்படுத்தும் பாதையிலேயே இதுவும் இருப்பதால், அவை வேலையாக இருக்கும்போது பிராசஸர் காத்திருக்க வேண்டும். அந்தச் சிப்களாலோ இந்த ராமைத் தொடவும் முடியாது. ஆனாலும் புரோகிராம்கள் இங்கே குடியேறிவிடுவதால், பழைய 512 கிலோபைட்டில் படத்துக்கும் ஒலிக்கும் தாராளமாக இடம் கிடைக்கிறது. எனக்கு அதுவே போதும்.

பழுதான கார்டுக்கு யாரிடம் போவது? கமடோர் 1994 ஏப்ரலில் திவாலாகிவிட்டது. இருந்தும், நேற்று வாங்கிய போனைவிட இந்தக் கார்டுக்கு உதவி பெறுவது எளிது என்பேன். அமிகா 500உடன் வந்த கையேட்டிலேயே சர்க்யூட் படம் அச்சாகியிருந்தது. எந்தப் பின் எங்கே போகிறது என்று பழுது பார்ப்பவர் ஊகிக்க வேண்டியதில்லை. காசு கொடுத்து வாங்கியவரை மதித்த செயல் அது. இன்று அந்த வழக்கம் அரிதாகிவிட்டதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

ஆனால் பழுது பார்ப்பவரிடம் ‘கார்டு வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் எந்தக் கெட்டிக்காரராலும் பதில் சொல்ல முடியாது. கார்டைக் கழற்றினால் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். திரை பச்சையாக நின்றுவிட்டால், கிராஃபிக்ஸ் சிப்கள் பயன்படுத்தும் ராமில் கோளாறு என்று அர்த்தம். ‘குரு மெடிடேஷன்’ என்ற பிழைச் செய்தி வந்தால் அதிலுள்ள எண்ணை அப்படியே எழுதி வைக்க வேண்டும். 5 வோல்ட் சப்ளையை மல்டிமீட்டரில் அளந்து, 4.75க்குக் கீழே இருந்தால் கார்டைக் குறை சொல்லும் முன் பவர் சப்ளையைக் கவனிக்க வேண்டும். மதர்போர்டின் ரிவிஷன், கிக்ஸ்டார்ட் பதிப்பு, ஆக்னஸ் என்ற கிராஃபிக்ஸ் சிப்பின் எண் ஆகியவற்றையும் சொல்ல வேண்டும். ஆக்னஸ் 8372ஏ என்றால், ரிவிஷன் 6ஏ போர்டில் ஜேபி2, ஜேபி7ஏ ஜம்பர்களை மாற்றி, முழு ஒரு மெகாபைட்டையும் கிராஃபிக்ஸ் சிப்களுக்கே தந்துவிடலாம். 8371 என்றால் அந்த வழியே கிடையாது.

இந்தக் கார்டின் பெரும் எதிரி அதன் பேட்டரிதான். எம்எஸ்எம்6242 கடிகாரச் சிப் ஓட, 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி ஒன்றை போர்டிலேயே சாலிடர் செய்திருப்பார்கள். ஆண்டுகள் போகப் போக அது கசியும். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்து, கனெக்டர் பின்கள் வரை ஏறும். பேட்டரியை உடனே வெட்டி எடுத்துவிட்டு, கசிந்த இடத்தை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யலாம். பழைய பேட்டரிக்குப் பதிலாக சிஆர்2032 பேட்டரி வைப்பவர்கள் நடுவே ஒரு டையோடு போட மறக்கக் கூடாது. லித்தியம் பேட்டரிக்குள் சார்ஜ் பாயவே கூடாது.

கடிகாரம் முக்கியமில்லை என்பவர்களுக்கு, இப்போது புதிதாகச் செய்து விற்கும் 512 கிலோபைட் கார்டுகளையே பரிந்துரைப்பேன். அசல் ஏ501தான் வேண்டும் என்பவர்கள், விற்பவர் அனுப்பும் வெளிப்புறப் படத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பேட்டரி தகரக் கவசத்துக்குள் மறைந்திருக்கும். கவசத்தைத் திறந்து, பேட்டரியைச் சுற்றியுள்ள பகுதி தெரிய எடுத்த படத்தைக் கேளுங்கள்.