புகைபோக்கி கட்டினால் போதுமா?

புகையில்லா அடுப்பைப் பற்றி எழுதுவோர், அது எவ்வளவு விறகை மிச்சப்படுத்தும் என்பதையே பெரிதாகக் கூறுவர். மூன்றாம் ஆண்டில் அவ்வடுப்பு எந்நிலையில் இருக்கும் என்று கூறுவோர் சிலரே. இக்குறையை இங்கே ஆராய்வோம்.

இவ்வடுப்பின் வரலாற்றில் தஞ்சைக்கும் பங்குண்டு. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா, 1934இல் தோன்றிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்தவர். அச்சங்கம் இயங்கிய வார்தா மகன்வாடியிலிருந்து 1947இல் 'மகன் சூலா' என்னும் புகைபோக்கி அடுப்பு வெளிவந்தது. பின்னர் மத்திய அரசு 1980களில் இதைத் தேசியத் திட்டமாக்கி, 2002 வரை 3 கோடிக்கும் மேற்பட்ட மேம்பட்ட அடுப்புகளை வழங்கியது. ஆனால் கட்டிய அடுப்புகளை எண்ணிய அளவுக்கு, அவை உழைத்த ஆண்டுகளை எண்ணவில்லை.

புகைபோக்கி எவ்வாறு இயங்குகிறது? குழாயிலுள்ள சூடான வாயு, வெளிக்காற்றைவிட அடர்த்தி குறைந்தது, எனவே மேலெழுகிறது. குழாயின் உயரம் 3 மீட்டர், உள்ளே 150 டிகிரி, வெளியே 30 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். கிடைக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ 10 பாஸ்கல். அதாவது, 1 மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தமே! இதை நம்பித்தான் அடுப்பு எரிகிறது.

7.5 செ.மீ. விட்டமுள்ள குழாயினுள் 1 செ.மீ. கனத்துக்குக் கரி படிந்தால், புகை செல்லும் பரப்பு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். குழாய் சேருமிடத்தில் விரிசல் கண்டால், குளிர்காற்று புகுந்து இழுப்பை மேலும் தளர்த்தும். போக வழியற்ற புகை சமைப்பவர் முகத்துக்கே திரும்பும்.

திருப்பனந்தாள் வட்டாரத்தில் விறகோடு தென்னை மட்டையும் பாளையும் எரிப்பதுண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவை ஈரம் ஏறிப் புகையும், கரியும் மிகும். எரிவாயு வந்த வீடுகளிலும் வெந்நீர் காயவைக்கவும் நெல் அவிக்கவும் கொல்லையில் விறகடுப்பு மூட்டுவோர் உண்டு.

ஒடிசாவில் 44 ஊர்களில் இத்தகைய அடுப்புகளை நான்காண்டு வரை ஆராய்ந்து, ரேமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் 2012இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலாண்டில் சமைப்பவர் சுவாசிக்கும் புகை குறைந்தது. பின்னர் அப்பயன் மறைந்தது. ஒழுங்காகப் பயன்படுத்தாமையும் பராமரிக்காமையும் காரணங்கள் என்றனர்.

இதைப் படித்து, வீட்டுப் பெண்கள் அசட்டையாக இருந்தனர் என்று முடிவு கட்டலாமா? குழாயின் வாய் கூரைக்கு மேலே உள்ளது. அடியில் கரி தள்ளத் திறப்பில்லையெனில் யார் ஏறித் துடைப்பது? பல இடங்களில் பொருத்திய கல்நார்ச் சிமெண்டுக் குழாயைச் சுரண்டினாலோ தீங்கான தூசு பறக்கும். எளிதில் துப்புரவு செய்ய முடியாத அடுப்பு குறையுள்ள அடுப்பே. அக்குறை அமைத்தவருடையது, சமைப்பவருடையதன்று.

நல்ல அடுப்புக்கு மூன்று இலக்கணங்கள் வேண்டும். குழாயின் அடியில் மூடியுள்ள திறப்பு. உடைந்தால் உள்ளூரிலேயே வாங்கி மாற்றத்தக்க சுடுமண் குழாய். களிமண்ணும் உமியும் சாணமும் பிசைந்து வீட்டாரே பூசத்தக்க உடல்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் புகைபோக்கி அடுப்பு இருந்தால், அது எரியும்போது அதன் வாயருகே ஓர் ஊதுவத்தியைப் பிடித்துப் பாருங்கள். வத்தியின் புகை உள்ளே போனால் நன்று. வெளியே தள்ளப்பட்டால் அடுப்பு ஆறியபின் குழாயையும் விரிசல்களையும் பாருங்கள். அம்மாவின் இருமலுக்கு மருந்து வாங்குவதோடு இதையும் செய்ய வேண்டும்.