கல்வியாராய்ச்சியும் சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைகளும்

கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனை ஆராய்ந்து பேசுவோர் சிலர். ஆராய்ந்து கண்ட முடிவுகளைப் பள்ளியறைக்குள் கொண்டுசென்று பயன் விளைத்தோர் அவரினும் மிகச் சிலர். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்னும் பழமொழியை ஆராய்ச்சி நூல்களின்மேல் ஏற்றிக் கூறுதல் ஆசிரியர் பலரின் வழக்கம். இக்கூற்று முற்றும் நியாயமானதன்று, முற்றும் பிழையானதுமன்று. இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களிலும், இறப்பர் மரங்களுக்கும் தேயிலைச் சரிவுகளுக்கும் இடையே அமைந்துள்ள சிறிய தமிழ்ப் பாடசாலைகளை உரைகல்லாகக் கொண்டு, கல்வியாராய்ச்சியின் மாற்று இத்தகையதென உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டப் பிள்ளையின் கல்வி கட்டளைச் சட்டத்தின் வழியாக வளர்ந்ததொன்று. ஆராய்ச்சி அதன் பக்கம் வந்தது மிகப் பிந்தியே. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் தோட்டத்துரையின் கடமையென விதித்தது. அக்கடமையை ஏற்றவர் கல்வியாளரல்லர். கொழுந்தின் நிறையையும் இறப்பர்ப் பாலின் அளவையும் கணக்கிடுபவர். 1945இல் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தபோதும், 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பாடசாலைகளை அரசினர் பொறுப்பேற்றபோதும், தோட்டப் பாடசாலை ஒதுங்கியே நின்றது. இவற்றினிடையே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் பெற்றோரைப் பிரசாவுரிமையற்றவராக்கியது; அதன் தொடர்ச்சியாக அவர் வாக்கையும் இழந்தனர். வாக்கில்லாதாரின் பிள்ளைகளுக்காகச் சட்டசபையில் எழுந்து பேசுவார் யார்? 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் அவற்றின் பாடசாலைகளும் படிப்படியாக அரசின்கீழ் வந்தன. பிற பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கு முன்னரே ஏறிய படியில் தோட்டப் பிள்ளை அப்பொழுதுதான் கால் வைத்தது.

இவ்வரலாற்றை முறையாக ஆராய்ந்த நூல்களுள் தலையாயது, ஏஞ்சலா லிற்றில் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1999இல் வெளியிட்ட ‘லேபரிங் ரு லேர்ண்’ என்பது. இலங்கைப் பெருந்தோட்டம், அதன் மக்கள், அவர்தம் கல்வி ஆகிய மூன்றின் அரசியற் பொருளாதாரத்தை அஃது ஆராய்கின்றது. தோட்டக் கல்வி பின்தங்கியமைக்குப் பிள்ளைகளின் இயல்பையோ பெற்றோரின் அறியாமையையோ காரணங்காட்டி அமையாது, பொருளாதார அமைப்பையும் அரசியல் நிலையையும் காரணமாக நிறுவியது அந்நூலின் பெருஞ்சிறப்பாகும். ‘தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது’ என்று நெடுங்காலம் வழங்கிவந்த இழிமொழிக்கு அஃது அறிவுலகம் அளித்த மறுப்பு எனலாம்.

ஆயினும், நூலின் சிறப்பே அதன் எல்லையுமாகின்றது. ‘தோட்டக் கல்வி ஏன் பிந்தியது?’ என்ற வினாவுக்கு அதில் விடையுண்டு. ‘ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு ஆசிரியரே உள்ள பாடசாலையில் நாளைக் காலை என்ன செய்வது?’ என்ற வினா அதன் நோக்கத்துக்குப் புறம்பானது. இதனைக் குற்றமெனல் தகாது; அவரே பின்னர் பல்தரக் கற்பித்தல் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியிட்டு, இரண்டாம் வினாவின் பக்கமும் திரும்பினார். குறை யாதெனின், தோட்டக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர் முதல் வினாவோடு நின்றுவிடுவதும், அப்பேச்சும் பெரும்பாலும் நுவரெலியாவைச் சுற்றியே அமைவதுமாம். தோட்டத் தமிழர் செறிந்து வாழும் இடத்தில் ஆய்வாளர் கண் செல்லுதல் இயல்பே. ஆனால் நுவரெலியாவின் படம் சப்பிரகமுவவின் படமாகாது.

சப்பிரகமுவவில் தமிழர் சிங்களக் கிராமங்களின் நடுவே சிதறி வாழ்கின்றனர். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை ஆகிய பகுதிகளில் ஒரு தோட்டத்துக்கும் மறு தோட்டத்துக்கும் இடையே ஊர்களும் ஆறுகளும் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் இங்கே வாழ்வை ஆளுகின்றது. பால் வெட்டுதல் விடியலிற் செய்யும் தொழில். பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு விடுக்க வேண்டிய வேளையில் தாய் மரத்தடியில் நிற்பாள். மரம் நனைந்த நாளில் வெட்டில்லை. வெட்டில்லாத நாளிற் கூலி குறையும். கூலி குறைந்த வாரத்தில் பள்ளிவரவும் குறைதல் கூடும். 2016 மே மாதத்தில் அரநாயக்காவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டமை, இம்மழை நாட்டின் இயல்பை உலகுக்கு உணர்த்திற்று. தேயிலை மலைநாட்டை மட்டும் நோக்கி வரைந்த திட்டத்தில் இவ்வியல்புகளுக்கு இடமிருத்தல் அரிது.

இங்கேதான் ஆராய்ச்சியின் அளவுகோல் பற்றிய வினா எழுகின்றது. ‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பர். மாதிரியெடுத்து அளக்கும் புள்ளிவிவர முறைக்கும் இதுவே அடிப்படை. ஆனால் எல்லா அரிசியும் ஒரே பானையில், ஒரே தீயில் வெந்தாலன்றோ ஒரு சோறு பதமாகும்? கொழும்புப் பல்கலைக்கழகத்துத் தேசிய கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம், மாணவர் அடைவை 2003 முதல் நாடளாவிய முறையில் அளந்து வந்திருப்பது போற்றத்தக்க பணி. எனினும் இத்தகைய அளவீடுகளை மாகாண வாரியாகச் சராசரி கண்டால், சப்பிரகமுவ மாகாணத்தின் எண் பெரும்பாலும் சிங்களமொழிப் பிள்ளைகளின் எண்ணாகும். மொழி வாரியாகச் சராசரி கண்டால், தமிழ்மொழியின் எண் பெரும்பாலும் வடக்கு, கிழக்கு, மத்திய மாகாணப் பிள்ளைகளின் எண்ணாகும். தெரணியகலைத் தோட்டத்துத் தமிழ்ப்பிள்ளை முதல் அட்டவணையிலும் மறைகின்றது. இரண்டாம் அட்டவணையிலும் மறைகின்றது. அருகில் தமிழ்ப் பாடசாலையில்லாமலோ, உயர்வகுப்பில் விஞ்ஞானம் கற்கும் ஆசையாலோ சிங்களமொழிப் பாடசாலையிற் சேர்ந்த தோட்டப் பிள்ளையோ மூன்றாம் முறையும் மறைகின்றது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் நிகழ்தல் வேண்டுமென யுனெஸ்கோ 1953இல் வெளியிட்ட அறிக்கை வற்புறுத்திற்று. தாய்மொழியை விட்டு வேறு மொழியிற் கற்கும் இப்பிள்ளைகள் எவ்வகுப்பில் இடறுகின்றனர், எவ்வகுப்பில் நிமிர்கின்றனர் என்பதை எச்சராசரியும் கூறாது.

சராசரியினால் வரும் இடர் வெறும் எண்ணின் இடரன்று, நீதியின் இடருமாம். பல்கலைக்கழக அனுமதியில் பல பாடநெறிகளுக்கு நூற்றுக்கு 40 இடங்கள் நாடளாவிய திறமைப்படியும், 55 மாவட்ட மக்கட்டொகைப்படியும், எஞ்சிய 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கென்றும் பகுக்கப்படுகின்றன. பின்தங்கியவை எனக் கொள்ளப்பட்ட 16 மாவட்டங்களுள் இரத்தினபுரி இடம்பெற்றுள்ளது, கேகாலை இடம்பெறவில்லை. சமத்துவத்தை நாடிய ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஈண்டு அளவுகோலாக அமைந்தது மாவட்டம். ஆய்வுகூடமும் பட்டதாரி ஆசிரியரும் நிறைந்த நகரப் பாடசாலை மாணவனும், விஞ்ஞானப் பிரிவையே காணாத தோட்டப் பாடசாலை மாணவியும் ஒரே மாவட்டத்துப் போட்டியாளராக நிற்கின்றனர். கேகாலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த ஐந்திலும் பங்கில்லை. மாவட்டம் முன்னேறிற்று என்பதனால் மாவட்டத்தின் மூலையிலுள்ள லயம் முன்னேறிற்று என்றாகாது.

இனி, உலக ஆராய்ச்சியிலிருந்து தோட்ட ஆசிரியர் கொள்ளத்தக்கது யாது, தள்ளத்தக்கது யாது என நோக்குதல் வேண்டும். 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் அடைவைப் பாடசாலை வசதிகளிலும் மிகுதியாகக் குடும்பச் சூழலே தீர்மானிக்கின்றது என்றது. ‘குடும்பம் அப்படி, பள்ளி என்ன செய்யும்?’ எனக் கைவிரிப்போருக்கு இது நல்லதொரு சாக்காயிற்று. ஆனால், பின்தங்கிய சிறுபான்மைப் பிள்ளைகளுக்குப் பாடசாலையின் தரம் ஏனையோர்க்கினும் மிகுதியாகப் பயன்படுகின்றது என்றும் அவ்வறிக்கையே கூறியதை அவர்கள் மறந்தனர். 1983இல் ஹெய்ன்மன், லொக்ஸ்லி என்போர் 29 நாடுகளின் தரவுகளை ஒப்புநோக்கி, வறிய நாடுகளில் பாடசாலையும் ஆசிரியருமே பெருந்தாக்கம் உடையரெனக் காட்டினர். தோட்ட ஆசிரியருக்கு இதனினும் ஊக்கமளிக்கும் முடிவும் இல்லை. இதனினும் பொறுப்புச் சுமத்தும் முடிவும் இல்லை.

பல்தர வகுப்பைப் பற்றிய ஆராய்ச்சி வேறொரு பாடத்தைத் தருகின்றது. எண்ணூறுக்கு மேற்பட்ட தொகுப்பாய்வுகளை ஒருங்கு திரட்டி ஜோன் ஹற்றி 2009இல் வெளியிட்ட நூலில், பல்தர வகுப்பினால் நன்மையும் சிறிது, தீமையும் சிறிது என்னும் அளவிலே முடிவு அமைந்துள்ளது. அவர் திரட்டியவற்றுட் பெரும்பகுதி நூலகமும் துணைக்கருவிகளும் நிரம்பிய நாடுகளின் ஆய்வுகள். ஆசிரியப் பற்றாக்குறையால் மூன்று வகுப்புகளை ஒரே கரும்பலகையின் முன் இருத்தும் பாடசாலைக்கு அவ்வெண் எங்ஙனம் பொருந்தும்? மாறாக, ஆந்திரத்து ரிஷிவாலியில் ஓராசிரியர் பாடசாலைகளுக்கென உருவான அட்டை முறை, வறுமையும் ஆட்குறைவும் உள்ள இடத்திலேயே பிறந்தது. பிள்ளை தன் படியறிந்து தானே அட்டையெடுத்துக் கற்க, ஆசிரியர் தேவைப்படும் குழுவோடு அமர்ந்திருப்பார். 2003இல் சென்னை மாநகராட்சிப் பாடசாலைகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் அதன் வழிவந்ததே. பம்பாயிலும் வடோதராவிலும் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, உள்ளூர் இளம்பெண்கள் பின்தங்கிய பிள்ளைகளைத் தனியே அழைத்து நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பித்ததனால் முன்னேற்றம் விளைந்ததென நிறுவிற்று. உயர்தரம் வரை கற்று வேலையின்றி லயத்தில் இருக்கும் இளைஞர் எத்தனை பேர்! வகுப்புக்குரிய பாடத்தை முடித்தலினும், பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்குதலே முதன்மையானது என்பது இவ்விரு முயற்சிகளின் பொதுப் பாடமாகும். மூன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை, ஆண்டுதோறும் வகுப்பேற்றப்பட்டு, சாதாரண தரத்துக்கு முன்னரே கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ சென்றுவிடுகின்றது. அப்பிள்ளையைக் காக்கும் வேளை மூன்றாம் வகுப்பேயன்றிப் பத்தாம் வகுப்பன்று.

தலைமைத்துவம் பற்றிய ஆராய்ச்சிக்கு மைக்கேல் றட்டர் குழுவினர் 1979இல் வெளியிட்ட நூல் இன்னும் வழிகாட்டுகின்றது. இலண்டன் மாநகரத்து 12 பாடசாலைகளை ஆராய்ந்த அவர்கள், ஒத்த பின்னணியுடைய பிள்ளைகளைப் பெற்ற பாடசாலைகளே தம்முள் பெரிதும் வேறுபடுவதைக் கண்டனர். பாடம் குறித்த நேரத்தில் தொடங்குதல், வீட்டுவேலையைத் திருத்திக் கொடுத்தல், பிள்ளைகளைப் பாராட்டுதல், அவர்களிடம் பொறுப்புகளை ஒப்படைத்தல் என்பன வேறுபாட்டுக்குரியனவாய் நின்றன. இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு உதவி வேண்டியதில்லை. ஆனால் பல தோட்டப் பாடசாலைகளில் அதிபர் கடமை நிறைவேற்றுபவராக மட்டுமே இருக்கின்றார்; அவரே வகுப்பும் எடுத்து, படிவங்களும் நிரப்பி, வலயப் பணிமனைக்கும் ஓடுகின்றார். தலைமைத்துவம் பற்றிய கருத்தரங்குகளுக்கு முன்னர் அவருக்கு வேண்டியவை நிரந்தர நியமனமும் சிறிது ஓய்வு நேரமும் ஆகும்.

முடிவாக, ஆராய்ச்சி எங்கிருந்து தொடங்கல் வேண்டும்? ஆசிரியரே ஆராய்வாளராதல் வேண்டுமென லோறன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975இல் வற்புறுத்தினார். தோட்டப் பாடசாலையில் அதற்கு வேண்டிய ஏடுகள் ஏற்கெனவே உள்ளன. வரவு இடாப்பும் சம்பவத் திரட்டுப் புத்தகமும் பரிசோதகர் கையொப்பத்துக்காகவே பேணப்படுகின்றன. அவற்றை ஆய்ந்து படிப்பாரில்லை. வரவு இடாப்பை மழைநாட்களோடும் சம்பள நாட்களோடும் ஒப்புநோக்கும் ஆசிரியருக்கு, பிள்ளை வராமைக்குக் காரணம் சோம்பலா, பசியா, தம்பி தங்கையரைக் காத்தலா என்பது புலப்படத் தொடங்கும். மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்க இயலாதார் பெயரை எழுதி, நான்காம் வகுப்பில் அப்பெயர்கள் எத்தனை குறைந்தன எனக் காண்பதும் ஆராய்ச்சியேயாம்.

இதற்குத் தடையாக ஒரு நியாயம் கூறலாம். ஒரு பாடசாலையின் குறிப்பு ஒரு பாடசாலைக்கே பொருந்தும். அதனைக் கொண்டு பொதுமுடிவு கட்டல் தவறு. மேலும், பளுச் சுமந்த ஆசிரியர்மேல் மற்றுமொரு பளுவை ஏற்றுதல் முறையன்று. இரண்டும் ஏற்கத்தக்கவையே. அதனாற்றான் தெஹியோவிட்டை, பலாங்கொடை, நிவித்திகலை முதலிய வலயங்களின் பணிமனைகள் சிறு பாடசாலைகளின் குறிப்புகளை ஒன்றுசேர்த்தலும், பல்கலைக்கழகங்களும் பத்தனை ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரியும் அவற்றை முறைப்படி சோதித்தலும் இன்றியமையாதனவாகின்றன. மாகாணம் ஒருபுறமும் மொழி மறுபுறமுமாகப் பிரிக்காமல், மாகாணத்துள் மொழியையும், மொழியுள் தோட்டத்தையும் வைத்து எண்ணும் அட்டவணை ஒன்று வருடந்தோறும் வெளிவருதல் வேண்டும். வேண்டாத படிவங்கள் சிலவற்றை நீக்கினால் இதற்குரிய நேரம் தானே கிட்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுதான். ஆயினும் விதையின் இயல்பையும் மண்ணின் இயல்பையும் குறித்து வைத்த ஏடு, அடுத்த விதைப்புக்கு உதவும். சப்பிரகமுவத் தோட்டப் பாடசாலைக்கு வேண்டுவது அவ்வேடே. அதன் முதற்பக்கத்தை எழுதத்தக்கவர், விடியலில் தாய் பால் வெட்டச் சென்றபின் தானே தலைவாரிப் பள்ளிக்கு வரும் பிள்ளையை நாளும் வாயிலிற் காணும் ஆசிரியரே.