விக் ஃபர்த்: குச்சியாகிப் போன ஒரு டிம்பனிக்காரர்

மகள் டிரம்ஸ் கத்துக்க ஆரம்பிச்சு இரண்டு வருஷம் ஆகிறது. குச்சி வாங்கப் போகும்போதெல்லாம் கடைக்காரர் எடுத்துப் போடுவது ஒரே பெயர்தான்: விக் ஃபர்த். ஏதோ இரண்டு பங்காளிகளின் பெயரை ஒட்டவைத்த கம்பெனி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன், பாட்டா, பிலிப்ஸ் மாதிரி. (பாட்டாவும் பிலிப்ஸும்கூட மனிதர்களின் பெயர்கள்தான் என்பது வேறு விஷயம்.) ஒரு ராத்திரி சும்மா தேடிப் பார்த்ததில் அவர் ஒரே ஆள் என்று தெரிந்தது. பாஸ்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவில் ஐம்பது வருஷம் வாசித்தவர். அதற்கப்புறம் பல வாரங்கள் இந்த மனுஷரோடேயே போயிற்று.

வாழ்க்கைக் குறிப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எவரெட் ஜோசப் ஃபர்த் 1930-ல் மாசசூசெட்ஸின் வின்செஸ்டரில் பிறந்து, மெய்ன் மாநிலத்தில் வளர்ந்தவர். அப்பா ட்ரம்பெட்காரர். 1952-ல், 21 வயதில், சார்ல்ஸ் முன்ஷ் நடத்திய பாஸ்டன் சிம்ஃபனியில் சேர்ந்தார். 1956-ல் முதன்மை டிம்பனிக்காரர் ஆனார். 2002-ல்தான் ஓய்வு. இதற்கு நடுவே நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியில் நாற்பது வருஷத்துக்கு மேல் பாடம் எடுத்தார். 2015-ல் இறந்தார். அவருடைய ஆசிரியர்களில் ஒருவரான சால் குட்மன், நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கில் 1926 முதல் 1972 வரை 46 வருஷம் டிம்பனி வாசித்தவர். இவங்க யாருமே நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க போல!

டிம்பனி என்பது அண்டா மாதிரி இருக்கும் செப்புக் கிண்ணத்தின் மேல் இழுத்துக் கட்டிய தோல். மற்ற மேளங்களிலிருந்து இதைப் பிரிப்பது சுருதி. ஒவ்வொரு டிம்பனிக்கும் ஒரு ஸ்வரம், பெடலை மிதித்தால் அது மாறும். மற்றவர்கள் எல்லாம் முழங்கிக்கொண்டிருக்கும்போது, டிம்பனிக்காரர் காதைத் தோலுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் லேசாகத் தட்டி, அடுத்த பகுதிக்கான சுருதியைச் சேர்த்துக்கொண்டிருப்பார். வீடியோவில் பார்த்தால் ஏதோ தூங்கி விழுகிற மாதிரி இருக்கும். ஃபர்த் சேர்ந்த காலத்தில் கன்றுத்தோல்தான். அரங்கத்தில் ஈரப்பதம் ஏறினால் சுருதி இறங்கும். பிளாஸ்டிக் தோல் பிறகு வந்தது.

இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பேத்தோவனின் வயலின் கான்செர்ட்டோ டிம்பனியில் தொடங்குகிறது. தனியாக, மெதுவாக, ஒரே ஸ்வரத்தில் நாலு தட்டு. ஐந்தாவது தட்டோடு காற்றுக் கருவிகள் சேர்ந்துகொள்ளும். ஸ்கோரில் ஸ்வரம் இருக்கிறது, சத்தம் எவ்வளவு என்று இருக்கிறது. எந்தக் குச்சி என்று இல்லை. பஞ்சு அதிகமுள்ள தலை என்றால் தூரத்து இடி மாதிரி கேட்கும். கெட்டியான தலை என்றால் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி. கான்செர்ட்டோவின் முதல் வாக்கியமே மாறிவிடுகிறது, முடிவு டிம்பனிக்காரர் கையில். பெர்லியோஸ் மாதிரி சிலர்தான் கடற்பஞ்சுத் தலை, மரத்தலை என்று குறிப்பிட்டே எழுதினார்கள். 1830-ல் வந்த அவருடைய 'சிம்ஃபனி ஃபன்டாஸ்டிக்'கின் மூன்றாம் பகுதி முடிவில் தூரத்து இடிக்காக நாலு பேர் டிம்பனி வாசிக்க வேண்டும். மற்றவர்கள் விட்டுவைத்த காலியிடத்தை வாசிப்பவர்தான் நிரப்பவேண்டும்.

ஃபர்த் குச்சி செய்ய ஆரம்பித்ததை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். ஆர்கெஸ்ட்ராவில் கேட்கப்பட்ட வாசிப்புக்கு அப்போது கிடைத்த குச்சிகள் சரிப்படவில்லை. கனமான குச்சிகளைத் தானே கையால் செதுக்கி, மான்ட்ரியலில் ஒரு மரக்கடைசல்காரரிடம் அனுப்பினார். அப்படி வந்த முதல் இரண்டும் ஸ்னேர் டிரம் குச்சிகள், மேப்பிள் மரத்தில். ஒன்றின் பெயர் 'ஜெனரல்', இன்னொன்றின் பெயர் 'பொலேரோ'. ராவெலின் 'பொலேரோ'வில் ஸ்னேர் டிரம்காரர் கால் மணி நேரம் ஒரே தாளத்தை, கேட்டும் கேட்காமலும் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போகவேண்டும். கை நடுங்கினால் ஊருக்கே தெரியும். பெயரிலேயே தேவை இருக்கிறது. 1963-ல் கம்பெனி. பிறகு ராக் டிரம்மர்கள் வந்தார்கள். 2010-ல் சிம்பல் செய்யும் ஸில்ஜியன் நிறுவனத்தோடு இணைந்தது.

சரி, இசையமைப்பாளர் ஃபர்த்? இதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். அவருடைய 'தி சோலோ டிம்பனிஸ்ட்' 26 எட்யூட்கள் கொண்ட தொகுப்பு. எனக்கு வாசிக்க வராது. நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்கள் வாசித்த பதிவுகளோடு ஒப்பிட்டுக் கேட்டேன். கைக்கு என்ன கஷ்டம் வரும், எங்கே குச்சி குறுக்கே மாட்டும், சுருதி மாற்ற எத்தனை நொடி கிடைக்கும் என்பதெல்லாம் அத்துப்படியானவர் எழுதியது என்று தெரிகிறது. பார்டோக்கின் 'கான்செர்ட்டோ ஃபார் ஆர்கெஸ்ட்ரா'வை 1944-ல் முதலில் வாசித்ததே பாஸ்டன் சிம்ஃபனிதான். அதன் நாலாவது பகுதியில் டிம்பனிக்கு வரும் பெடல் வேலையைச் செய்துவிட்டு வீட்டுக்கு வரும் ஒருவருக்கு, மாணவன் எங்கே தடுக்கி விழுவான் என்று தெரியாமலா இருக்கும்?

ஆனால் இந்தப் பாடங்கள் பயிற்சி அறையையும் ஆடிஷனையும் தாண்டி மேடைக்கு அதிகம் வரவில்லை. இதோடு எலியட் கார்ட்டரின் 'டிம்பனிக்கான எட்டுத் துண்டுகள்' தொகுப்பை வைத்துக் கேளுங்கள். கார்ட்டர் மேளக்காரர் இல்லை. 1950 வாக்கில் ஆறு துண்டுகள் எழுதி, 1966-ல் இரண்டைச் சேர்த்தார். தோலில் எந்த இடத்தில் அடிக்க வேண்டும் என்பதையே இசையாக ஆக்கிவிட்டார். கருவியை முழுசாக அறிந்தவர் அதை எப்படி வாசிப்பது என்று எழுதினார், வெளியிலிருந்து வந்தவர் அதில் என்ன சொல்லலாம் என்று கேட்டார். ஃபர்த்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகத் தோன்றவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவருடைய கற்பனை குச்சிக்குப் போய்விட்டது.

அங்கேதான் எனக்கு ஒரு உறுத்தலும் இருக்கிறது. பெரிய ஆர்கெஸ்ட்ராவின் முதன்மை வாசிப்பாளர், பெரிய பள்ளியின் ஆசிரியர், குச்சி விற்பவர், மூன்றும் ஒரே ஆள். நம்ம சாஃப்ட்வேர் பாஷையில் சொன்னால் அவர் உலகத்துக்கே 'டிஃபால்ட்' ஆகிவிட்டார். டிஃபால்ட்டை யாரும் மாற்றுவதில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பேத்தோவனின் அந்த நாலு தட்டில் இருந்த காலியிடம், கடையில் எந்த மாடல் இருக்கிறது என்பதோடு முடிந்துபோகிற அபாயம் இருக்கிறது. அதற்குப் பதிலும் அவர் பக்கமே இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். சும்மா கிடைத்த குச்சி போதாது என்று கத்தியை எடுத்தவர்தானே அவர்.

டி.எம். கிருஷ்ணா 2020-ல் மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' எழுதினார். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து பற்றி எத்தனையோ ரசிகர்களுக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. இங்கே வாசித்தவர் பெயர் நிலைத்தது, செய்தவர் பெயர் மறைந்தது. அதற்குப் பின்னால் சாதி இருக்கிறது, அதனால் இரண்டும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஃபர்த் விஷயத்தில் நடந்தது தலைகீழ். செய்தவர் பெயர் வாசித்தவரைச் சாப்பிட்டுவிட்டது. ஐம்பது வருஷப் பதிவுகள் இருக்கின்றன, முன்ஷிலிருந்து ஒஸாவா வரை. உறையில் நடத்துநர் பெயர் பெரிதாக இருக்கும், டிம்பனிக்காரர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு ஜோடிக் குச்சியை அவர் தரையில் தவறவிட்டபோது இரண்டும் வேறு வேறு சுருதியில் ஒலித்ததாகவும், அதிலிருந்துதான் சுருதி பார்த்து ஜோடி சேர்க்கும் வழக்கம் வந்ததாகவும் சொல்வார்கள். நேற்று மகள் தூங்கின பிறகு அவள் குச்சிகளை எடுத்து ஹாலில் டைல்ஸ் மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். புது ஜோடி இரண்டும் ஒரே ஸ்வரம். முதல் வருஷம் வாங்கின, பெயரே இல்லாத மலிவு ஜோடியில் ஒன்று கொஞ்சம் இறங்கித்தான் கேட்டது. மூன்றாவது தடவை போடுவதற்குள் கீழ்வீட்டிலிருந்து ஃபோன் வந்துவிட்டது.