இரண்டு ஜனவரி 30கள்

1992 ஜூலை 25 அன்று ஆர்.வெங்கட்ராமன் ராஷ்டிரபதி பவனை விட்டு வெளியேறியபோது, விதிப்புத்தகத்தை வரிக்கு வரி பின்பற்றிய குடியரசுத் தலைவர் என்ற பெயரோடு வெளியேறினார். அந்தப் பெயர் இன்றுவரை நிலைத்திருக்கிறது. அதில் எவ்வளவு நியாயம் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தக் கேள்வியை நான் மரபுப் பற்றாளனின் இடத்திலிருந்து கேட்கிறேன். ஆட்களைவிட அமைப்புகளைப் பெரிதாக மதிப்பவன் நான். எழுதிவைக்காத வழக்கங்களுக்கும் எழுதிய சட்டத்துக்கு நிகரான மரியாதை தர வேண்டும் என்றும், அதிகாரம் ஓரிடத்தில் குவிவது யார் கையில் குவிந்தாலும் ஆபத்து என்றும் நம்புகிறேன். இடதுசாரிகளோ திராவிட இயக்கத்தாரோ வெங்கட்ராமனை எடைபோட வேறு அளவுகோல்கள் வைத்திருப்பார்கள். அவரே ஏற்றுக்கொண்டிருக்கக்கூடிய அளவுகோல் என்னுடையது. அதனால்தான் இதில் அவர் எங்கே தேறுகிறார், எங்கே தேறவில்லை என்று பார்ப்பது முக்கியமாகிறது.

எங்கள் பண்ருட்டிப் பக்கம் அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் முதலில் குடியரசுத் தலைவர் பதவி நினைவுக்கு வராது. காமராஜர் அமைச்சரவையில் தொழில் துறையும் மின்சாரமும் பார்த்தவர் என்பார்கள்; அடுத்த சொல் நெய்வேலி என்று வரும். இந்தக் கணக்கைச் சற்றுத் திருத்த வேண்டும். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956 நவம்பரில் மத்திய அரசின் நிறுவனமாகப் பதிவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1962இல் சோவியத் உதவியோடு அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. 1957 முதல் பத்தாண்டுகள் மாநில அமைச்சராக இருந்தவருக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் நெய்வேலியை அவர் பெயரில் எழுதிவைப்பது மிகை. அவருடைய கைவண்ணம் தெளிவாகத் தெரிவது 1958இல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டையிலும் அதன்பின் வந்த அம்பத்தூரிலும்தான். அரசு இடம் தந்தது, கொட்டகை தந்தது, மின்சாரம் தந்தது. தொழிலை நடத்தியது சிறு முதலாளி. திட்டமிடல் என்ற பெயரில் எல்லாவற்றையும் அரசே எடுத்துக்கொண்ட காலத்தில், அரசு எங்கே நின்றுகொள்ள வேண்டும் என்று தெரிந்த அமைச்சராக அவர் இருந்தார். மத்திய நிதியமைச்சராக 1981இல் அவர் கொண்டுவந்த சிறப்புப் பத்திரங்கள் வேறு கதை. கறுப்புப் பணம் வைத்திருந்தவரிடம் அது எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்கிக்கொண்ட திட்டம் அது. ஒழுங்காக வரி கட்டியவனுக்கு அவமதிப்பு. உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது என்பதற்காக என்னால் அதை ஏற்க முடியவில்லை.

அதை விட்டுவிட்டு டெல்லி நாற்காலிக்கு வருவோம்.

1987இல் அவர் அங்கே அமர்ந்தபோது அந்தப் பதவி காயப்பட்டிருந்தது. முன்னவர் ஜெயில் சிங்குக்கும் ராஜீவ் காந்திக்கும் இடையே பேச்சே அற்றுப்போய், பிரதமரைக் குடியரசுத் தலைவர் பதவி நீக்கிவிடுவாரோ என்று தலைநகரம் கிசுகிசுத்த காலம் அது. வெங்கட்ராமன் அந்தக் காய்ச்சலைத் தணித்தார். அஞ்சல் திருத்த மசோதாவை எடுத்துக்கொள்ளுங்கள். குடிமக்களின் கடிதங்களை அரசு பிரித்துப் பார்க்க வழிசெய்த அந்த மசோதா 1986இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஜெயில் சிங் ஒப்புதலும் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை; மேசையிலேயே வைத்துக்கொண்டார். வெங்கட்ராமன் அதைப் பிரதமர் வி.பி.சிங் காலத்தில் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். கிடப்பில் போடுவது தந்திரம். திருப்பி அனுப்புவது அரசமைப்பு காட்டும் வழி. அந்த வழியை அவர் தேர்ந்தெடுத்தார்.

அவருடைய உச்சம் 1989க்கும் 1991க்கும் இடையே. மூன்று முறை மக்களவையில் எவருக்கும் பெரும்பான்மை இல்லை. 1979இல் குடியரசுத் தலைவர் சஞ்சீவ ரெட்டி சரண் சிங்கை அழைத்ததும், அந்தப் பிரதமர் நாடாளுமன்றத்தை ஒருநாள்கூடச் சந்திக்காமலே போனதும், பிறகு ஜகஜீவன் ராமைத் தவிர்த்து அவையைக் கலைத்ததும் நாட்டின் நினைவில் கசப்பாக இருந்தன. வெங்கட்ராமன் தன் விருப்பு வெறுப்புக்கு இடம் தராத ஒரு முறையை வகுத்துக்கொண்டார்: முதலில் தனிப்பெரும் கட்சி, அது மறுத்தால் அடுத்தது, யார் வந்தாலும் பெரும்பான்மையை அவையில் காட்ட வேண்டும். 1989 தேர்தலுக்குப் பிறகு 197 இடங்கள் வைத்திருந்த ராஜீவை முதலில் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி.பி.சிங். 1990 நவம்பரில் வி.பி.சிங் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றபோதும் அதே வரிசை: காங்கிரஸ், பாரதிய ஜனதா, இடதுசாரிகள் என்று கேட்டு, எல்லாரும் மறுத்த பிறகே சந்திரசேகர். ஏறத்தாழ 60 உறுப்பினர்களை மட்டுமே வைத்திருந்தவரைப் பிரதமராக்கியதைப் பலர் குறைசொன்னார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. காங்கிரஸ் வெளியிலிருந்து ஆதரவு தருவதாக உறுதி சொல்லியிருந்தது. அந்த ஆதரவு கேவலமான காரணத்துக்காகச் சில மாதங்களில் ஆட்டம் கண்டது ராஜீவின் பொறுப்பு; குடியரசுத் தலைவர் ஜோசியம் பார்த்து அழைக்க முடியாது. 1991 ஜூனில் நரசிம்மராவையும் இதே முறையில்தான் அழைத்தார். 1996இல் குடியரசுத் தலைவர் சங்கர் தயாள் சர்மா வாஜ்பாயை முதலில் கூப்பிட்டபோது அவருக்கு முன்னால் இந்த வழக்கம் இருந்தது.

குடியரசுத் தலைவர் பதவியை அவர் அவசரகால விளக்குக்கு ஒப்பிட்டார்: மின்சாரம் நின்றால் தானே எரியும், வந்ததும் அணைந்துவிடும். மத்தியில் ஆட்சி அமைக்கும் வேளைகளில் அவர் சொன்னபடியே நடந்துகொண்டார். இவ்வளவோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை நான் எழுதவே தேவையில்லை.

நின்றுவிடவில்லை. மாநில ஆட்சியைக் கலைக்க வழிசெய்யும் 356ஆவது பிரிவு இருக்கிறது.

தமிழ்நாட்டில் அவர் காலத்தில் இரண்டு அரசுகள் நீக்கப்பட்டன, இரண்டும் ஜனவரி 30 அன்று. 1988இல் நீங்கியது ஜானகி ராமச்சந்திரனின் அரசு. எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு கட்சி இரண்டாகி, ஜனவரி 28 நம்பிக்கை வாக்கெடுப்பில் சட்டமன்றத்துக்குள்ளேயே அடிதடி நடந்து, போலீஸ் உள்ளே புகுந்தது. பேரவையின் வாக்கெடுப்பையே நம்ப முடியாத நிலை. ஆளுநரின் அறிக்கையும் இருந்தது. அன்று போட்ட கையெழுத்தை நான் குறைசொல்ல மாட்டேன். தேர்தலுக்கு ஏறத்தாழ ஓராண்டு காக்கவைத்ததுதான் தவறு.

1991 ஜனவரி 30 அப்படிப்பட்டதல்ல. கருணாநிதி அரசுக்குச் சட்டமன்றத்தில் தெளிவான பெரும்பான்மை இருந்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்ப மறுத்துவிட்டார். ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ குடியரசுத் தலைவர் மனநிறைவு கொள்ளலாம் என்ற வாசகத்தின் பின்பாதியைப் பிடித்துக்கொண்டு ஆட்சி கலைக்கப்பட்டது. பர்னாலா பீகாருக்கு மாற்றப்பட்டார், போகாமல் விலகிக்கொண்டார். நான் தி.மு.க.வுக்கு வேண்டியவன் அல்ல. விடுதலைப் புலிகள் சென்னையில் நடமாடிய விதமும், 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில் ஈழப் போராளித் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக்கொல்லப்பட்டதும் எந்த அரசுக்கும் தலைகுனிவு. அந்தக் குற்றச்சாட்டு கனமானதுதான். ஆனால் கனமான குற்றச்சாட்டு இருந்தால் அதை ஆளுநர் எழுதியிருக்க வேண்டும். எழுத மாட்டேன் என்று ஆளுநரே சொல்லும்போது, காங்கிரஸின் தயவில் உயிர்வாழும் ஒரு சிறுபான்மைப் பிரதமரின் அமைச்சரவை சொன்னதை வைத்து ஒரு மாநிலத்தின் வாக்கை அழிப்பது எந்த மரபு? பாதுகாப்புக்காகத்தான் செய்தோம் என்பவர்கள் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும்: ராஜீவ் ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட மே 21 அன்று தமிழ்நாடு டெல்லியின் நேரடி ஆட்சியில்தான் இருந்தது.

அடுத்த தேர்தலில் தி.மு.க. இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. எங்கள் பண்ருட்டியோ இரண்டு பெரிய கட்சிகளையும் விட்டு, பா.ம.க. சார்பில் நின்ற பண்ருட்டி ராமச்சந்திரனைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. அந்த முடிவை வைத்து, மக்களே கலைப்பை ஏற்றுக்கொண்டார்கள் என்று வாதிடுவோர் உண்டு. கொலைக்குப் பின் எழுந்த அனுதாப அலையில் கிடைத்த முடிவு அது. அப்படி இல்லாவிட்டாலும், பிறகு வந்த வாக்கு முன்பு செய்த தவறைச் சரியாக்காது.

வெங்கட்ராமனின் ஆதரவாளர்கள் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். 1976இன் 42ஆவது திருத்தத்துக்குப் பிறகு அமைச்சரவையின் ஆலோசனை குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்தும். அவர் என்ன செய்வார்? அந்தப் பதில் பாதிதான் உண்மை. 1978இன் 44ஆவது திருத்தம் ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பும் உரிமையைத் தந்திருந்தது. அந்த உரிமையைப் பயன்படுத்தினால் என்ன நடக்கும் என்பதைப் பின்னாள் குடியரசுத் தலைவர் கே.ஆர்.நாராயணன் காட்டினார். 1997இல் உத்தரப் பிரதேசம் பற்றிய பரிந்துரையை அவர் திருப்பி அனுப்ப, குஜ்ரால் அமைச்சரவை அதைக் கைவிட்டது. 1998இல் பீகார் பரிந்துரையும் திரும்பியது. அப்போதைக்கு வாஜ்பாய் அமைச்சரவை அடங்கியது. இரண்டு வேறு கூட்டணிகளின் ஆட்சி, ஒரே நிதானம். நாராயணன் வரம்பு மீறினார் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

மீண்டும் 1991க்கு வருவோம். பர்னாலாவின் மறுப்பு இன்னும் சூடு ஆறாத வேளையில், மக்களவை கலையும் தறுவாயில், எம்.பி.க்களின் ஓய்வூதியத் திருத்த மசோதா ஒன்று நிறைவேறியது. அதற்குக் குடியரசுத் தலைவரின் முன்பரிந்துரை பெறப்படவில்லை. முறை தவறியது என்று வெங்கட்ராமன் ஒப்புதல் தர மறுத்துவிட்டார். சரியான, துணிச்சலான முடிவு. முன்பரிந்துரை கட்டாயம், ஆளுநர் அறிக்கை கட்டாயமில்லை என்று சட்ட வித்தியாசம் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எம்.பி.க்களின் ஓய்வூதியத்தில் முறை பார்த்த கண், ஐந்தரைக் கோடி பேர் சார்ந்த ஒரு மாநில அரசின் முடிவில் முறை பார்க்கவில்லை.

தமிழ்நாட்டோடு முடிந்துவிட்டதா என்றால் இல்லை. 1988இல் நாகாலாந்து. 1989 ஏப்ரலில் கர்நாடகம்: அவையில் பெரும்பான்மையைக் காட்ட வாய்ப்புக் கொடுங்கள் என்று முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை கேட்டும் கொடுக்கப்படவில்லை. 1991 அக்டோபரில் மேகாலயா. எந்த அவைச் சோதனையை டெல்லியில் பிரதமர்களிடம் கண்டிப்பாகக் கேட்டாரோ, அதைப் பெங்களூருக்குக் கேட்கவில்லை. மாநிலங்களில் 356ஐக் கடைசி ஆயுதமாக மட்டுமே எடுக்க வேண்டும் என்ற சர்க்காரியா ஆணையத்தின் அறிக்கை 1988இலேயே அரசின் கையில் இருந்தது. 1994 மார்ச் 11 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு பொம்மை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, அரசமைப்புக்கு முரண் என்று அறிவித்த மூன்று கலைப்புகளும் இவைதான். மூன்றும் வெங்கட்ராமன் காலத்தவை. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் அவருக்கு அடுத்து வந்தவர் கையெழுத்திட்ட மூன்றையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

என் தீர்ப்பு இது. தன்னடக்கம் இரண்டு வகை. பதவியில் இருப்பவர் தன் விருப்பத்துக்குக் கடிவாளம் போடுவது ஒன்று. பிறர் அதிகாரத்தை மீறும்போது அவர்களுக்குக் கடிவாளமாக நிற்பது மற்றொன்று. முதலாவதில் வெங்கட்ராமனுக்கு நிகராக இன்னொரு குடியரசுத் தலைவரை என்னால் சொல்ல முடியாது. இரண்டாவதில் அவர் தேறவில்லை. அவர் காத்தது நாற்காலியின் மரபை. மாநிலங்களையும் மத்தியையும் இணைக்கும் உடன்பாட்டின் மரபை அதே அக்கறையோடு காக்கவில்லை. 1942 போராட்டத்தில் சிறை சென்றவர், தொழிலாளர் வழக்குகளை நடத்திய வழக்கறிஞர், ராஜாமடத்திலிருந்து புறப்பட்டு அவ்வளவு உயரம் போனவர். அவரிடம் இதை எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

அந்தக் குறைக்கு நாடு கொடுத்த விலையை மரபுப் பற்றாளர்கள் சரியாகக் கணக்கிடுவதில்லை. குடியரசுத் தலைவர் ஒரு கோப்பைத் திருப்பி அனுப்பி முடித்திருக்கக்கூடிய வேலையை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. குடியரசுத் தலைவரின் மனநிறைவுக்கு எந்த ஆதாரம் இருந்தது என்று நீதிமன்றம் ஆராயலாம் என்ற நிலை பொம்மை தீர்ப்பில் உறுதியானது. நீதிமன்றங்கள் எல்லாவற்றிலும் தலையிடுகின்றன என்று இன்று குறைப்படுகிறவர்கள் என் பக்கத்தில்தான் அதிகம். அந்தக் கதவைத் திறந்ததில், 1988க்கும் 1991க்கும் இடையே திருப்பி அனுப்பப்படாத அந்தக் கோப்புகளுக்கும் பங்கு உண்டு.