பிலாத்து மறுத்த ஒரே விஷயம்

புனித வெள்ளி வழிபாடு முடிந்து வெளியே வரும்போது பிலாத்துவுக்காகப் பரிதாபப்படும் ஒருவரையாவது பார்க்கலாம். "பாவம், நல்ல மனுஷன்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தை வெச்சிக்கிட்டு அவரால என்ன பண்ண முடியும்?" ஒரு பக்கம் மனசாட்சி, மறுபக்கம் அரசியல் நெருக்கடி, நடுவில் மாட்டிக்கொண்ட அதிகாரி. கதையை இப்படிக் கேட்டே பழகிவிட்டோம். பிரதி அப்படிச் சொல்கிறதா?

முதலில், நான்கு நற்செய்திகளிலும் இருப்பது ஒரே பிலாத்து இல்லை. முதலில் எழுதப்பட்டதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதும் மாற்கில், சில கேள்விகள் கேட்டுவிட்டு, கூட்டத்தைத் திருப்திப்படுத்த இயேசுவை ஒப்படைத்துவிடுகிறார். மனைவியின் கனவும் கைகழுவும் காட்சியும் மத்தேயுவில் மட்டும்தான் உண்டு. லூக்காவில் குற்றமில்லை என்று மூன்று முறை சொல்கிறார். வழக்கை ஏரோதிடம் தள்ளிவிட்டும் பார்க்கிறார். யோவானில் இயேசு மாளிகைக்குள்ளே, குற்றம் சாட்டியவர்கள் வெளியே. பிலாத்து உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டே இருக்கிறார். ஒவ்வொருவர் எழுதும்போதும் அவருடைய மனசாட்சிக்குக் கூடுதல் இடம் கிடைக்கிறது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

வரலாற்றில் இவர் 26 முதல் 36 வரை யூதேயாவின் ஆளுநர். எருசலேமுக்குள் சீசரின் உருவம் தாங்கிய கொடிகளைக் கொண்டுவந்து, மக்கள் உயிரைக் கொடுக்கவும் துணிந்து எதிர்த்தபோது திரும்பப் பெற்றார். கோயில் பணத்தில் நீர்க்கால்வாய் கட்டியதை எதிர்த்தபோதோ, சாதாரண உடையில் வீரர்களைக் கூட்டத்துக்குள் அனுப்பித் தடியால் அடிக்க வைத்தார், பலர் செத்தார்கள். இரண்டையும் யோசேபஸ் எழுதியிருக்கிறார். பணியவும் தெரியும், அடிக்கவும் தெரியும்.

பயம் உண்மைதான். இவனை விடுவித்தால் நீ சீசரின் நண்பன் இல்லை என்று யோவானில் கூட்டம் மிரட்டுகிறது. திபேரியுவின் ஆட்சியில் ராஜதுரோகக் குற்றச்சாட்டு விளையாட்டு விஷயமில்லை. புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலும் இந்தப் பயத்தைப் புரிந்துகொள்கிறது. ஆனால் கோழைத்தனத்தை அது ஒரு சமாதானமாக ஏற்பதில்லை, குற்றமாகவே வைக்கிறது.

யோவான் 19ஆம் அதிகாரத்தில் நாம் வேகமாகக் கடந்துவிடும் ஒரு இடம் இருக்கிறது. சிலுவைக்கு மேலே 'யூதர்களின் அரசன்' என்று பிலாத்து எழுதிவைக்கிறார். தலைமைக் குருக்கள் வந்து, அவன் அப்படிச் சொல்லிக்கொண்டான் என்று மாற்றி எழுதச் சொல்கிறார்கள். எழுதினது எழுதினதுதான் என்று மறுத்துவிடுகிறார். சற்று முன்பு அவரை நெருக்கிய அதே ஆட்கள்தான். ஓர் உயிருக்காகச் சொல்ல முடியாத 'முடியாது', ஒரு பலகைக்காகச் சுலபமாக வந்துவிடுகிறது. பதவிக்கு ஆபத்து நீங்கிய பிறகுதான் உறுதி வருகிறது. இதையும் சேர்த்துப் படித்தால், நெருக்கடியில் நசுங்கிய நல்லவர் என்ற சித்திரம் நிற்காது.

இந்தப் பரிதாபத்துக்கு வேறு யாரோ விலை கொடுத்தார்கள் என்பதுதான் என்னை உறுத்துவது. மத்தேயுவில் பிலாத்து கைகழுவிய உடனே மக்கள் எல்லாரும் இரத்தப்பழியைத் தங்கள்மேல் ஏற்கிறார்கள். அந்தக் காட்சியைக் காட்டி யூதர்கள் பல நூற்றாண்டுகள் வேட்டையாடப்பட்டார்கள். அந்தப் பழியை அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை சொல்ல 1965ஆம் ஆண்டு வரை, இரண்டாம் வத்திக்கான் சங்கம் வரை ஆனது. தீர்ப்புச் சொன்னவரையோ எத்தியோப்பியத் திருச்சபை புனிதராகவே கொண்டாடுகிறது.

தமிழில் ஒருவரைக் 'கைகழுவிட்டார்' என்றால் சுத்தமாகிவிட்டார் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை. விட்டுவிட்டார் என்றுதான் அர்த்தம். மத்தேயுவின் காட்சிக்கு அந்த அர்த்தமே போதும். அடுத்த தடவை யாராவது "பாவம் பிலாத்து" என்றால், யோவான் 19ஐ அந்தப் பலகை வரைக்கும் படிச்சிட்டு வரச் சொல்லுங்க.