சிரட்டைத் தணலும் ஒரு கோடும்

சலங்கைப் பட்டி ஒன்று கைக்கு வந்தால் நான் மணிகளைப் பிறகுதான் பார்ப்பேன். தோலின் விளிம்பிலிருந்து ஒரு நெல்லளவு உள்ளே தள்ளி, பட்டியைச் சுற்றி ஓடும் கோட்டிலேயே கண் முதலில் போகும். சூடேற்றிய இரும்பால் இழுத்த கோடு அது. நல்ல கோடு பனங்கட்டி நிறத்தில் இருக்கும். விரலால் தடவினால் வழவழக்கும். எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஓரிடத்தில் கறுத்து இன்னோரிடத்தில் வெளிறியிருந்தால் கை நடுங்கிவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அந்தக் கை நல்ல கைதான். இரும்பைச் சுடவைத்த நெருப்பில்தான் பிழை.

எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த ஐயா கூத்துக்காரருக்குச் சலங்கைப் பட்டியும் சவாரி மாடுகளுக்குக் கழுத்துப் பட்டியும் தைத்தவர். அவருடைய பட்டறை ஒரு சாய்ப்புத் தாழ்வாரம். வாய் உடைந்த மண்சட்டி, அதில் பாதிக்குச் சாம்பல், சாம்பலின்மேல் சிரட்டைத் தணல், பக்கத்தில் ஒரு பனையோலை விசிறி, மரப்பிடி போட்ட மூன்று இரும்புகள். முதல் நாள் நான் அவசரத்தில் இரும்பைத் தூக்கித் தணலுக்குள் செருகப் போனேன். "பொறு தம்பி, இன்னும் புகைக்குது" என்று கையைத் தட்டிவிட்டார். அந்தப் பொறுமையின் காரணம் பிடிபட எனக்குப் பல பட்டிகள் பாழாக வேண்டியிருந்தது.

தோல் நெருப்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கும் என்பதில் தொடங்க வேண்டும். கோடு இழுப்பதற்கு மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலே ஏற்றது. தமிழகத்துத் தோல்சாலைகள் நெடுங்காலம் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தன, பிறகுதான் வாட்டில் பட்டைக்கு மாறின. நமது வறண்ட காணிகளிலும் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரைதான். அப்படிப் பதனிட்ட தோல் நன்றாக நனைந்திருக்கும்போது எண்பது பாகைச் சூட்டுக்கு முன்பின்னாகவே சுருங்கிக் கட்டையாகிவிடும். உலர்ந்திருந்தால் அதைவிட நிறையத் தாங்கும். குரோமியத்தில் பதனிட்ட தோல் கொதிநீருக்கும் அசையாது, ஆனால் கோட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளாது. ஆகவே தோல் இலேசான ஈரப்பதத்தில் இருக்க வேண்டும், இரும்பு அந்த ஈரத்தை மட்டும் உறிஞ்சி, மேற்பரப்பைச் சற்றே வறுத்து, அழுத்திவிட்டுப் போக வேண்டும். இந்த இடைவெளி மிகச் சிறியது. அதற்குள் நிற்கத் தெரிந்த நெருப்பே நல்ல நெருப்பு.

மெழுகுதிரி அதற்கு ஆகாது. அதன் சுவாலையில் கரிப்புகை உண்டு, அது இரும்பில் படிந்து வெளிர்ந்த தோலில் கறையாக இறங்கும். மண்ணெண்ணெய்க் குப்பிவிளக்கு இன்னும் மோசம். இரும்பை ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்தால் புகை போகும், கூடவே சூடும் போய்விடும். ஸ்பிரிட் விளக்கு அப்படியல்ல. அதன் நீலச் சுவாலை சுத்தமானது, மேசையில் அடக்கமாக நிற்கும். மெல்லிய இரும்புக்கும் சின்ன வேலைக்கும் அதை நான் மனதார ஏற்கிறேன். தடித்த இரும்பை அதில் சுடவைக்க முனைந்தால் அரைவாசி நேரம் காத்திருப்பிலேயே கழியும். காஸ் டோர்ச் நேர்மாறு. அதன் சுவாலை ஆயிரம் பாகையைத் தாண்டும். நுனியில் பிடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் இரும்பின் முகத்தில் வைக்கோல் நிறம் ஓடும், அப்போதே 220, 230 பாகை. நீலம் ஏறினால் 300க்குக் கிட்ட. பதம் போட்டு மினுக்கிய நுனி அதோடு பதம் இழந்துவிடும். சுட்டது நுனி மட்டும் என்பதால் தோலில் வைத்து ஒரு சாண் இழுப்பதற்குள் ஆறியும் போகும். தொடக்கத்தில் கருப்பும் முடிவில் வெளிறலுமாக நான் பார்த்த கோடுகளில் பாதி இந்த டோர்ச் போட்டவை.

ரேடியோ திருத்துகிறவர்களின் சோல்டரிங் அயனுக்கு நுனி மாற்றிப் பாவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் குமிழ் இருந்தால் அது நம்பகமான கருவிதான். அதன் நுனி செம்பாக இருப்பதற்கும் காரணம் உண்டு: செம்பு இரும்பைவிட ஐந்து மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும், நுனி இழந்ததைப் பின்னாலிருந்து உடனே நிரப்பும்.

சிரட்டைத் தணல் இதே வேலையை வேறு வழியில் செய்கிறது. தடித்த இரும்பின் கழுத்தைத் தணலில் கிடத்தி, நுனியை வெளியே விட்டுவிட வேண்டும். சூடு கழுத்திலிருந்து மெல்ல நடந்து நுனிக்கு வரும். இரும்பு முழுவதும் சூட்டைச் சேமித்துக்கொண்டு எழுவதால் ஒரு முழக் கோட்டை ஒரே நிறத்தில் இழுக்கலாம். இதற்குப் புகையில்லாத, துள்ளாத, நீடித்து நிற்கும் தணல் வேண்டும். விறகுக்கரி சிலவேளை வெடித்துப் பொறி தெறிக்கும். சிரட்டைக்கரி இறுக்கமானது, சாம்பல் குறைவு, மேலே வெண்சாம்பல் போர்த்திக்கொண்டு உள்ளே மணிக்கணக்காகச் சிவந்து கிடக்கும். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதி நகைத் தொழிலாளரும், சேவல் பூட்டு வைத்த பித்தளை அழுத்திப்பெட்டியில் உடுப்பு மினுக்கிய எங்கள் வீட்டுப் பெரியவர்களும் இதையே தேடியது சும்மா இல்லை. முதலாம் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குள் போனதும் சிரட்டைக்கரிதான். இன்று இலங்கையிலிருந்து ஏற்றுமதியாகும் செயலூட்டிய சிரட்டைக்கரி தூரதேசச் சுரங்கங்களில் கரைசலிலிருந்து பொன்னைப் பிடித்தெடுக்கிறது. பொன் வேலைக்கும் சிரட்டைக்கும் அப்படியொரு பழைய உறவு.

எல்லாத் தோலுக்கும் தணல்தான் என்று சொல்ல வரவில்லை. மாரி மழையில் பறைமேளத்தின் தோல் தொய்ந்துபோனால் காவோலையைக் கொளுத்திக் காட்டுவார்கள். காவோலை மளமளவென்று எரிந்து அணைந்துவிடும். பறைக்கு அதுவே தேவை: தோலின் மேலீரம் ஒரு மூச்சில் பறக்க வேண்டும், சூடு உள்ளே இறங்கித் தங்கக்கூடாது. அந்தச் சுவாலையின் முன்னால் பறையைத் திருப்பித் திருப்பி, இடையிடையே ஒரு தட்டுத் தட்டிக் காதால் அளந்து, சட்டென்று எடுக்கிற கையை நான் எத்தனை நேரமும் நின்று பார்ப்பேன். நெருப்பைத் தெரிந்தெடுப்பதில் நமது ஊரில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத் தீபகற்பத்துக்கு மின்சாரம் வரவில்லை, மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக அளக்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. தைக்கிறவர்களின் சட்டியில் மட்டும் தணல் குறையவில்லை, சிரட்டைக்கு யாரும் தடை போட முடியாது. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்றபோது நானும் டோர்ச்சை மூலையில் போட்டுவிட்டுச் சட்டியிடம் திரும்பினேன். கட்டாயத்தில் திரும்பியவன் பிறகு விரும்பியே தங்கிவிட்டேன்.

நன்கு முற்றிய தேங்காயின் சிரட்டையாகப் பார்த்து, தும்பை வழித்து எடுத்துக்கொள்ள வேண்டும். கிடங்கில் அடுக்கிக் கொளுத்தி, புகை தடிப்பம் குறைந்து நீலம் பாயும் நேரத்தில் தகரத்தால் மூடி, விளிம்பை மண்ணால் அடைத்து, மறுநாள் வரை திறக்கக்கூடாது. நன்றாக வெந்த கரி ஒன்றோடொன்று மோதும்போது ஓட்டுத்துண்டுபோலக் கிணுங்கும். மந்தமாகச் சத்தமிட்டால் உள்ளே இன்னும் சிரட்டை இருக்கிறது, அது புகைக்கும். சட்டியில் பற்றவைத்தபின் வெண்சாம்பல் போர்க்கும்வரை இரும்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

சூட்டை அறியத் தண்ணீர் போதும். விரலில் தொட்டு ஒரு துளியை இரும்பின் கழுத்தில் விட்டுப் பாருங்கள். துளி பரவி, உஸ் என்று இரைந்து வற்றினால் இரும்பு வேலைக்கு ஆயத்தம். இரசம்போல உருண்டு ஓடினால் 200 பாகையைத் தொட்டுவிட்டது, துளிக்கும் இரும்புக்கும் நடுவே ஆவி மெத்தையாக நிற்கிறது. அந்த இரும்பை ஈரத்துணியில் ஒற்றி ஒருகணம் ஆறவிட வேண்டும். பிறகு கழிவுத் தோலில் ஒரு கோடு, அதன்பின்தான் பட்டி.

மூன்று இரும்புகளும் முறைவைத்துச் சுழலும். ஒன்று கோட்டில், ஒன்று தணலில், ஒன்று ஆறிக்கொண்டு. வேலை முடியும் நேரம் ஆறிக் கிடக்கும் மூன்றாவது இரும்பை ஐயா வீணாக்கமாட்டார். அதில் தேன்மெழுகு உருகும் 62, 64 பாகை இன்னும் மிச்சமிருக்கும். மெழுகுக் கட்டியை அதில் ஒருதரம் இழுத்து, பட்டியின் வெட்டு விளிம்பில் தேய்ப்பார். மெழுகு தோலுக்குள் இறங்கி விளிம்பு மினுங்கத் தொடங்கும்போது சட்டியில் தணல் சாம்பலுக்குள் போயிருக்கும்.